யாராவது என்றேன், எல்லோரும் ஓடினார்கள்

"யாராவது அட்ரினலின் எடுத்துட்டு வாங்க!" என்று கத்தினேன். ஆபரேஷன் தியேட்டரில் இருந்த எல்லோரும் ஓடினார்கள்.

எல்லோரும் என்றால் எல்லோரும்தான். நர்ஸுகள், டெக்னீஷியன், உதவிக்கு நின்ற ஜூனியர் சர்ஜன், என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்க வந்த தரை துடைப்பவர். ஸ்பிரிங் கதவு முன்னும் பின்னும் படபடத்து ஓய்ந்தது. உள்ளே மிச்சம் மூன்றே பேர். மேசைமேல் மயக்கத்தில் ஓர் அம்மாள். அவர் தலைமாட்டில், மயக்க மருந்து கொடுக்கும் ஜூனியர் டாக்டராகிய நான். எதிரே, கையுறை போட்ட கைகளை நெஞ்சுக்கு நேரே கோத்து வைத்துக்கொண்டு எங்கள் தலைமை சர்ஜன் கோஷால் ஸார்.

"ஏ பொண்ணே," என்றார் கதவைப் பார்த்தபடி. "எல்லாரும் எங்க போனாங்க?"

"அட்ரினலின் எடுக்க, ஸார்."

"எல்லாருமா?"

"யாராவதுன்னு சொன்னேன், ஸார்."

பித்தப்பை ஆபரேஷன். ஆரம்பிக்கவே இல்லை. அதற்குள், ஊசியில் ஏற்றிய ஆன்டிபயாடிக் அந்த அம்மாளுக்கு ஒத்துக்கொள்ளாமல் தோலெல்லாம் சிவந்து தடித்து, ரத்த அழுத்தம் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. என் தட்டில் இருந்த மருந்தை ஏற்றிவிட்டேன். இன்னும் வேண்டும். மருந்தைவிட அவசரமாகக் கைகள் வேண்டும். சலைன் பையைப் பிழிய, காலைத் தூக்கிப் பிடிக்க. கைகள் எல்லாம் காரிடாரில் ஓடிக்கொண்டிருந்தன.

"ஸார், இந்தப் பையைக் கொஞ்சம் பிழியுங்க."

"நானா?"

"வேற யாரு ஸார் இருக்கா?"

கிருமி நீக்கிய கையுறையோடு, கிருமி நீக்காத பையை, எலுமிச்சம்பழம் பிழிகிற பாவனையில் கோஷால் ஸார் பிழிந்தார். அப்போது கதவு திறந்தது. போன அத்தனை பேரும் வந்தார்கள். அத்தனை பேர் கையிலும் அட்ரினலின். டெக்னீஷியன் பாப்பி மட்டும் கூடுதலாக, பக்கத்து தியேட்டரில் இருந்த என் சீனியரை முழங்கையைப் பிடித்து, பிக்பாக்கெட்டைப் பிடித்து வருவதுபோல் இழுத்து வந்திருந்தான். அன்று வந்து சேர்ந்த மருந்தை வைத்து எங்கள் பவானிபூர் பேட்டை முழுவதையும் எழுப்பி உட்கார வைத்திருக்கலாம்.

அந்த அம்மாள் பிழைத்தார். மறுநாள் காலை, லூச்சிப் பூரி சாப்பிடலாமா என்று கேட்டார்.

எனக்கு யோசனை தோன்றியது அதற்கும் முன்னால், ஆடி ஓய்ந்த அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்ற நொடியில். எங்களிடம் மருந்து இருக்கிறது, மெஷின் இருக்கிறது, ஓடுவதற்குக் கால் இருக்கிறது. எதிர்பாராதது வந்து நின்றால் யார் எங்கே நிற்பது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அடுத்த முறை மேசையில் இருப்பவருக்கு லூச்சி கேட்கிற அதிர்ஷ்டம் இல்லாமல் போனால்? ஒத்திகை பார்க்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

இந்த ஊரில் தடுக்கி விழுந்தால்

என் சகாக்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்தவளாகச் சொல்கிறேன், இந்த ஊரின் குணமே அதுதான். ஜதுபாபு பஜார் வாசலில் ஒருவர் மினிபஸ்ஸிலிருந்து இறங்கும்போது தடுக்கி விழட்டும். ஒருவர் தண்ணீர் கொடுப்பார், ஒருவர் செய்தித்தாளால் விசிறுவார், ஒருவர் செருப்பைத் தேடி எடுத்து வருவார், ஒருவர் ஹோமியோபதி உருண்டையை நீட்டுவார். ஐந்தாவது ஆள் டிரைவரின் சட்டையைப் பிடித்திருப்பார். விழுந்தவர் எழ முடியாமல் கிடப்பார். அடிபட்டதால் அல்ல, எழுவதற்கு இடம் இல்லாததால்.

போன வாரம் இதே பக்கத்தில் என் படிப்புக் கதையைச் சொன்னபோது, மயக்க மருந்துத் துறையில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை என்று புலம்பியிருந்தேன். நோயாளி தூங்கிவிடுவார், சர்ஜன் பேசமாட்டார். அந்தத் தனிமையில் நிறையப் படிப்பேன். அவசரத்தில் 'யாராவது' என்று ஓர் ஆள் கிடையாது, பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், கூப்பிடப்பட்டவர் "எடுக்கிறேன்", "எடுத்தேன்" என்று திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அப்படிப் படித்ததுதான். சில ஊர்களில் தியேட்டர் தொப்பியின் நெற்றியில் பெயரை எழுதியே மாட்டிக்கொள்கிறார்களாம்.

ஒரு மார்க்கர் பேனா வாங்கினேன். புரட்சி ஆரம்பமானது.

சுப்ரதிம் யார்?

முதல் ஒத்திகை ஒரு சனிக்கிழமை மத்தியானம், காலியான தியேட்டரில். எல்லோர் தொப்பியிலும், சம்பளப் பட்டியலைப் பார்த்துப் பெயரை எழுதி முடித்திருந்தேன்.

"சுப்ரதிம்! சலைன் பை!"

யாரும் அசையவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சுப்ரதிம் யாருப்பா?" என்று கேட்டது பாப்பி.

"உன் தொப்பியில எழுதியிருக்கு."

பாப்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "அட, நான்தான்! அது பேங்குல மட்டும், தீதி. ஆதார் கார்டுல கொஞ்சம். மத்தபடி யாரும் கூப்பிடறதில்ல."

வங்காளிகளுக்கு இரண்டு பெயர். உலகத்துக்கு ஒரு நல்ல பெயர், வீட்டுக்கு ஒரு கூப்பிடும் பெயர். நல்ல பெயர் கல்யாணப் பத்திரிகையில் பளபளக்கும். ஆனால் தூக்கத்தில், கூட்டத்தில், நெருப்பு பிடித்த வீட்டில், எந்தப் பெயருக்குத் தலை திரும்புமோ அது அந்த மற்றப் பெயர்தான். இத்தனை வருடம் இங்கே வாழ்ந்துவிட்டு இதை மறந்து எழுதியது என் முட்டாள்தனம். தொப்பிகளைத் துவைக்கப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன். பாப்பி. மிண்டு. கோகோன். டுக்டுகி. பார்த்தால் ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இல்லை, மழலையர் பள்ளி ஆண்டு விழா மாதிரி இருந்தது. ஆனால் "டுக்டுகி!" என்று கூப்பிட்டால், ஐம்பதைத் தாண்டிய அந்த நர்ஸ் மின்னல் மாதிரி திரும்பினார்.

எனக்குத்தான் கூப்பிடும் பெயர் இல்லை. வீட்டிலும் மைதிலி, வெளியிலும் மைதிலி.

"ஐயோ பாவம்," என்றார் சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் மிண்டு-தி. தி என்றால் தீதி, அக்கா. உண்மையாகவே வருத்தப்பட்டார். "உங்க ஊர்ல குழந்தைங்களைக் கொஞ்சவே மாட்டாங்களா?"

டீயோடு கூட்டம் போட்டார்கள். முடிவில் என் நெற்றியில் ஏறியது 'லொங்கா', அதாவது மிளகாய். தெற்கத்திக்காரி, அதோடு வாய் என்று காரணம் சொன்னார்கள்.

தலையணைக்கு ரத்தக் கொதிப்பு

ஒத்திகைக்கு ஒரு நோயாளி வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிகளில் மூச்சு விடுகிற, நாடி துடிக்கிற பொம்மை வைத்திருக்கிறார்கள். எங்களுக்குக் கோல்பாலிஷ். கட்டிப்பிடித்துத் தூங்குவதற்கென்றே இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும் நீள உருளைத் தலையணை. பாப்பி தன் வீட்டிலிருந்து தூக்கி வந்தான். மேசையில் கிடத்தி, பச்சைத் துணி போர்த்தினால் ஒல்லியான ஓர் ஆள் மாதிரியே இருக்கும்.

நான் நோயைச் சொல்வேன். "நோயாளிக்கு வயது அறுபது, நாடி குறையுது." அவர்கள் செயல்பட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். ஆனால் தெருவுக்குத் தெரு நாடகம் போடுகிற ஊர் இது. இரண்டாவது சனிக்கிழமையே கோல்பாலிஷுக்கு ஒரு நல்ல பெயரும் ஒரு கூப்பிடும் பெயரும் வந்துவிட்டன. மூன்றாவது வாரம் ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, அமெரிக்காவிலிருந்து போன் பண்ணாத ஒரு மகன். நான்காவது வாரம், நான் எழுதி வைத்திருந்தபடி கோல்பாலிஷ் இறந்தபோது டுக்டுகி-தி என்னோடு சண்டைக்கு வந்தார்.

"எப்படி லொங்கா சாகடிப்ப? பொண்ணு கல்யாணம் தை மாசம் வச்சிருக்கு!"

"எந்தப் பொண்ணு?"

"இவளோட பொண்ணுதான்! போன வாரம் பேசினோமே!"

ஒத்திகை முடிந்தபின் உட்கார்ந்து, எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று பேச வேண்டும் என்பது பாடம். மற்ற ஊர்களில் இதற்கு ஆட்களைக் கெஞ்சிக் கூட்டி வர வேண்டியிருக்குமாம். எங்களுக்கு அது வெறும் அட்டா, அதாவது அரட்டைக் கச்சேரி. முரி என்கிற பொரி, சிங்காரா என்கிற சமோசா, டீ. ஆரம்பிக்கத் தயக்கமே இல்லை, முடிக்கத்தான் வழி தெரியவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சின் நடுவே காரியம் நடந்தது. ரத்தப் பைக்கு யார் ஓடுவது, ஓடாமல் நிற்பது யார், காலைத் தூக்குவது யார். எல்லாம் சண்டை போட்டுச் சண்டை போட்டே தெளிவானது.

பெயரில்லாத தொப்பி

கோஷால் ஸார் ஒரே ஒரு தடவை வந்து பார்த்தார். டுக்டுகி-தி கோல்பாலிஷின் காதருகே குனிந்து, "பயப்படாதம்மா, நாங்க இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் பார்த்து வந்தார்.

"இது என்ன, ஜாத்ரா நாடகக் கம்பெனியா?"

விளக்கினேன். வேகமாகப் பேசினேன். பதற்றம் வந்தால் என் வேகம் இன்னும் கூடும். நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"கேளு லொங்கா. துர்கா பூஜை வரைக்கும் டைம். இதால ஒரு நோயாளிக்காவது பிரயோஜனம் இருக்குன்னு அதுக்குள்ள காட்டு. இல்லேன்னா தலையணை பாப்பி வீட்டுக்குப் போகும்."

"சரி ஸார். உங்க தொப்பியிலயும் ஒரு பேரு..."

"என்னை எல்லாரும் ஸார்னு கூப்பிடறாங்க. அது போதும்."

அவர் தொப்பி மட்டும் வெறுமையாகவே இருந்தது. அவருடைய கூப்பிடும் பெயர் என்னவாக இருக்கும் என்பது அடுத்த பல அட்டாக்களை விழுங்கிய விஷயம். யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தாலும் யார் கூப்பிடப் போகிறார்கள்?

அம்மாவிடம் சொன்னேன். "பெரியவரை ஸார்னுதானே கூப்பிடணும்? அதுல என்னடி குறை?" என்றார். குறை இருந்தது. எங்கள் தியேட்டரில் என் சீனியரும் ஸார், மெஷின் கம்பெனிக்காரரும் ஸார், லிஃப்ட்காரர் பேச்சில் நானே ஸார். நாளெல்லாம் காதில் விழுகிற சொல், மின்விசிறிச் சத்தம் மாதிரி. அதைக் கேட்டு யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அந்த ஒரு சொல்

பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் கட்ட ஆரம்பித்த நாட்கள். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்குச் சிறுநீரகக் கட்டி. வயிற்றைத் திறந்து செய்கிற பெரிய ஆபரேஷன். தூங்குவதற்கு முன் என்னிடம், "கட்டியை எடுத்தப்புறம் ஹில்ஸா மீன் சாப்பிடலாமா?" என்றார். சாப்பிடலாம் என்றேன். இந்த ஊரில் எல்லோரும் கடைசியாகச் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள்.

பாதி ஆபரேஷனில் பின்பக்க ரத்தக்குழாய் ஒன்று கிழிந்தது. உறிஞ்சும் குழாயின் சத்தம் மாறியதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றுக்குள் ரத்தம் குளமாக ஏறியது.

"பாப்பி, ரத்தப் பை." "எடுக்கிறேன்." ஓடினான். அவன் மட்டும்தான் ஓடினான். "டுக்டுகி-தி, சலைன் பிழியுங்க." "பிழியறேன்." "கோகோன், என் சீனியரைக் கூப்பிடு." எந்தக் கதவும் படபடக்கவில்லை. அத்தனை பயத்திலும் எனக்குள் ஒரு மூலை, கோல்பாலிஷுக்கு நன்றி சொன்னது.

கோஷால் ஸார் மட்டும் எங்களோடு இல்லை. அந்தக் குளத்துக்குள் கிழிசலைத் தேடி இடுக்கியைப் போட்டார். கிடைக்கவில்லை. மறுபடி போட்டார். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது தேடுவது அல்ல. துணிப் பொதியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது. நான் ரத்தம் ஏற்றி ஆளைத் தூக்கி நிறுத்தும்வரை சும்மா நிற்பது. இது அவருக்குத் தெரியாததா? எனக்கே சொல்லிக் கொடுத்தவர் அவர். ஆனால் கண் அந்தக் கிழிசலில் மாட்டிக்கொண்டது.

"ஸார், பிரஷர் இறங்குது."

"ம்."

"ஸார், அழுத்திப் பிடிச்சு நிறுத்துங்க, ப்ளீஸ்."

"ஒரு நிமிஷம்."

மிண்டு-தி துணிப் பொதியை அவர் கைக்குப் பக்கத்திலேயே நீட்டிக்கொண்டு நின்றார். அவர் திரும்பவில்லை. மிண்டு-தி வாய் திறக்கவில்லை. நாடி எண்ணும் கருவியின் ஓசை மெலிந்தது. இன்னொரு "ஸார்" சொன்னேன். இன்னொரு "ம்" வந்தது. இடுக்கி மறுபடி உள்ளே இறங்கியது. எனக்குத் தெரிந்த வங்காளம், இங்கிலீஷ், மரியாதை மூன்றும் தீர்ந்துபோயின.

"டேய்! நில்லுடா அங்கயே!"

தமிழில். அந்த தியேட்டரில் அதுவரை ஒலித்திராத மொழியில். என் குரலே இல்லை அது. பவானிபூர் பால்கனியிலிருந்து, பந்தைத் துரத்தி ரோட்டுக்கு ஓடுகிற என் தம்பியைப் பார்த்து அம்மா போடுகிற கத்தல். அப்படியே வந்துவிட்டது.

கோஷால் ஸாரின் கை அந்தரத்தில் நின்றது. மிண்டு-தி பொதியை அந்தக் கையில் வைத்தார். அவர் உள்ளே வைத்து அழுத்தினார். உறிஞ்சும் குழாய் அடங்கியது. பாப்பி ரத்தப் பையோடு வந்தான். ஏற்றினோம், பிழிந்தோம், இன்னும் ஏற்றினோம். கருவியின் ஓசை மெல்ல மெல்லத் தெம்பானது. "இப்ப எடுக்கலாம், ஸார்" என்று நான் சொன்னபின்தான் கையை எடுத்தார். கிழிசல் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. தைத்தார்.

வேலூர் பஸ் ஸ்டாண்டு

டீ அறைக்கு வரச் சொன்னார். போகிற வழியில், வேலை போனால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அப்பா ஓய்வு பெற்ற பேங்க் அதிகாரி. ராஜினாமாவுக்கும் டிஸ்மிஸுக்கும் பி.எஃப். விதிகள் வேறு வேறு என்பதைத்தான் முதலில் சொல்வார்.

"அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்றார் கோஷால் ஸார்.

"ஸார், அது தமிழ்ல... பெரியவங்களை மரியாதையா, கவனத்தை ஈர்க்கறதுக்காக..."

"பொய் சொல்லாத. நான் வேலூர்ல ரெண்டு வருஷம் படிச்சவன்."

கொல்கத்தாவில் பாதிப் பேர் வைத்தியத்துக்கு வேலூர் போய் வந்தவர்கள் என்பதை நான் எப்படி மறந்தேன்?

"போன முதல் வாரம். பஸ் ஸ்டாண்டுல பேப்பர் படிச்சுக்கிட்டே நடந்தேன். பின்னாடி ஒரு பஸ் ரிவர்ஸ்ல வருது. கண்டக்டர் என்னென்னவோ கத்தறான், ஒண்ணும் புரியல. கடைசியா இந்த வார்த்தையைக் கத்தினான். என் காலு தானா எகிறிடுச்சு. மொழி தெரியாது, ஆனா கேட்ட உடனே தெரிஞ்சுது, இதுக்கு அப்புறம் உயிர்தான் பாக்கின்னு." டீயை ஒரு வாய் குடித்தார். "இன்னிக்கும் அதேதான் ஆச்சு. மூளைக்குப் போகல. கைக்கு நேரா போச்சு."

"மன்னிச்சிருங்க ஸார்."

"எதுக்கு? கத்தலேன்னா அந்த ஆளுக்கு ஹில்ஸா இல்ல." எழுந்தார். "நாளையிலேர்ந்து இந்த தியேட்டர்ல நிறுத்தறதுக்கு அதான் வார்த்தை. யாரு வேணா சொல்லலாம். என்னைப் பார்த்தும். தலையணை இங்கயே இருக்கட்டும்."

வீட்டில் சொன்னேன். அப்பா வெகு நேரம் சிரித்தார். அம்மாவுக்குத்தான் ஆறவில்லை. "அவ்வளவு பெரிய டாக்டரை டேய்னா கூப்பிட்ட? டேயோட நிறுத்தியிருக்கலாம். நில்லு-'டா' வேறயா?"

மிண்டு-தியின் நாக்கு

உத்தரவு போட்டாகிவிட்டது. சொல்லத்தான் ஆள் இல்லை. பாப்பி நாள் முழுவதும் காரிடாரில் எல்லோரையும் டேய் போட்டுக்கொண்டு திரிகிறான். கோஷால் ஸாரின் நிழல் தெரிந்தால் மௌன விரதம்.

மிண்டு-தி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கோஷால் ஸாருக்குக் கருவி கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்தவர். "அன்னிக்கு உனக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், லொங்கா. பொதியைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். வாய் வரல. நீ அன்னிக்கு லீவு போட்டிருந்தா அந்த ஆளு?"

அதனால் அவருக்கு டேய் சொல்லப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்தேன். வீட்டில் கணவர்மேல் சொல்லிப் பார்த்தார். அவர் கையிலிருந்த மீன் தட்டைக் கீழே போட்டுவிட்டு, "என்ன தப்பு பண்ணினேன்?" என்றாராம். ஹாஜ்ரா சந்திப்பில் சிக்னலைத் தாண்டப் போன ஆட்டோக்காரர்மேல் சொல்லிப் பார்த்தார். ஆட்டோ நின்றது. கோஷால் ஸார் முன்னால் போய் நின்றார். "டேய்... ஸார்," என்றார்.

"ஸார் வேண்டாம். வெறும் டேய்," என்றார் ஸார், மிகப் பொறுமையாக.

"சரி, ஸார்," என்று சொல்லிவிட்டு மிண்டு-தி வெளியே ஓடிவிட்டார்.

ஆகவே வருகிற சனிக்கிழமைக்குக் கோஷால் ஸாரே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். கோல்பாலிஷுக்கு ஆபரேஷன். நடுவில் ஏதோ ஓர் இடத்தில் அவர் வேண்டுமென்றே தப்பு செய்வார். என்ன தப்பு, எப்போது என்று யாருக்கும் சொல்லமாட்டார். தடுக்காவிட்டால் செய்துகொண்டே போவார். தடுக்க வேண்டியவர் மிண்டு-தி. எனக்கு ஒரே ஒரு வேலை. வாயைத் திறக்கக் கூடாது. "நீ இல்லாத அன்னிக்கும் இந்த மேசையில ஆள் படுத்திருப்பான்," என்றார்.

பிறந்ததிலிருந்து நான் முயன்றே பார்க்காத காரியம் அது. பாப்பி, முகமூடிக்கு உள்ளே ஒட்டிக்கொள்ளப் பிளாஸ்திரி தருவதாகச் சொல்கிறான். வாங்கிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். ஸார் தப்பான இடத்தில் கத்தியை வைப்பார். பஞ்சு பறக்க ஆரம்பிக்கும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிண்டு-தியின் முகமூடியையே பார்த்துக்கொண்டு நிற்பேன், துணி அசைகிறதா என்று.